மத்தி எண்ணெயும் கந்தகமும்

காரைக்காலிலிருந்து மாயவரம் போகும் தனியார் பேருந்தில் நான் நடத்துநர். ஒருநாள் வேலை, மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வு நாள்களில்தான் வரிச்சிக்குடியில் என் வீட்டுக் கொல்லையில் செடி வளர்க்கக் கற்றுக்கொண்டேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. உரக்கடைப் பொட்டலத்தின் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்களே, அதை மாயவரத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துத் தெரிந்துகொண்டது பாதி. செடியைக் கெடுத்துத் தெரிந்துகொண்டது மீதி.

கந்தகம் என் கைக்கு வந்தது வெண்டைச் செடியால். இலையெல்லாம் திருநீறு தூவினாற்போல வெள்ளை பூத்துக் கிடந்தது. உரக்கடைக்காரர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாம்பல் நோய். சல்பர் அடிங்க" என்றார். தண்ணீரில் கரைகிற மஞ்சள் தூள், லிட்டருக்கு இரண்டு கிராம். அடித்தேன். ஒரு வாரத்தில் புது இலை சுத்தமாக வந்தது. அந்தத் தெம்பில், மிச்சமிருந்த கரைசலைப் பூசணிக்கும் அடித்தேன், அதுவும் உச்சிவெயிலில். பூசணி இலை அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "மருந்து அடிச்சீங்களா, சூடு போட்டீங்களா?" என்று கேட்டாள். பூசணி வகைக்குக் கந்தகம் சரிப்படாது, வெயிலில் எதற்குமே சரிப்படாது என்பது அன்றைக்குப் படித்த பாடம்.

அடுத்த பொட்டலத்தை வாங்கி வந்த நாளில் அது பைக்குள் கிழிந்துபோய், வண்டி முழுக்க வாடை. முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, "யாருப்பா வண்டியில தீபாவளி கொண்டாடுறது?" என்றார். ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். பின்படி ஓரமாக மீன்கூடையோடு நின்றிருந்த அக்கா மட்டும் சிரித்தார்.

"எங் கூடை வாசத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு ஜோடி வந்திருக்கு தம்பி."

இப்படி ஒரு சொல்லுக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்கள் பேப்பரில் படித்ததை நினைவில் வைத்திருப்பார்கள். நான் படிக்கட்டில் கேட்டதை வைத்திருக்கிறேன்.

அந்த அக்காவுக்குக் கோட்டுச்சேரிமேடு. கடற்கரைக் குப்பம். காலையில் மீன் எடுத்துக்கொண்டு கோட்டுச்சேரி நிறுத்தத்தில் ஏறுவார், வரிச்சிக்குடியில் இறங்கி வாடிக்கை வீடுகளுக்குப் போய் விற்பார். எந்த வீட்டில் சங்கரா வாங்குவார்கள், எந்த வீட்டில் செவ்வாய் வெள்ளி கதவைத் தட்டக்கூடாது, எந்த வீட்டு மருமகளுக்கு மீன் ஆயத் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம். ஒரே மகள், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, குடும்பத்தோடு அங்கேயே.

அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கூடை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடையைப் பாதியாக்கினார், பிறகு கால்வாசியாக்கினார். கால்வாசிக் கூடையோடு ஏறிய ஒருநாள், என்னிடம் அந்த யோசனையைச் சொன்னார்.

"சுனாமிக்கு அப்புறம் கட்டிக் குடுத்தாங்கள்ல, அந்த வீட்டுக்குப் பின்னாடி எடம் சும்மா கெடக்கு. வண்டல் மண்ணு ரெண்டு வண்டி அடிச்சு, ஆட்டுப் புழுக்கை போட்டு, அறுவது மிளகாக் கன்னு வச்சிருக்கேன். மீன் வாங்குற வீட்டுக்கு மிளகா வேணும்ல. மீனைத்தான் தூக்க முடியல, மிளகாயத் தூக்கமாட்டனா?"

"நல்ல யோசனைதான்க்கா. பொண்ணு என்ன சொல்லுது?"

"அது சட்டம் போட்டிருக்கு. சித்திரையில வருதாம். செடி காய்ச்சிருந்தா இரு, இல்லைன்னா பையைக் கட்டிக்கிட்டு என்கூட வந்துடுன்னு. நானும் சரின்னுட்டேன்."

"திருப்பூரு என்ன, சிறையா?"

"சிறையின்னு சொல்லல தம்பி. மூணாவது மாடி. கீழ எறங்குனா ஒருத்தரையும் தெரியாது. மேல ஏறுனா முட்டி தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இறங்கும்போது வழக்கமாகச் சொல்லும் "வர்றேன் தம்பி"யைச் சொல்ல மறந்துவிட்டார்.

தையில் வைத்த கன்று மாசியில் முழங்கால் உயரம் வந்து பூவும் எடுத்தது. நான் வண்டியில் இருக்கும் நாளெல்லாம் ஏறும்போதே சேதி சொல்வார்: இன்றைக்கு நாலு பூ, இன்றைக்குப் பதினோரு பூ. மாசிக் கடைசியில் ஒருநாள் எண்ணிக்கை சொல்லவில்லை. ஓர் இலையை நீட்டினார். விளிம்பு கீழ்ப்பக்கமாக மடங்கி, இலையே சுருங்கிப்போயிருந்தது.

"கவுத்துப் போட்ட படகு மாதிரி ஆகுது தம்பி. நுனியெல்லாம் இப்படித்தான்."

எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்கு லேசில் பிடிபடாத ஒரு பேன் இலைக்கடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற வேலை அது. அதற்கும் கந்தகம் கேட்கும். என் வீட்டு மிளகாயில் கேட்டிருக்கிறது. "நாளைக்கு எனக்கு ஓய்வு. நான் வந்து அடிச்சுத் தர்றேன்க்கா" என்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் சொன்னேன். இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

மறுநாள் வெயில் சாய்ந்த பிறகு தெளிப்பானை என் இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். நல்ல வளர்த்தி, அறுபதும் வரிசையாக நின்றன. மேட்டில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது, கடல் காற்று எல்லாவற்றையும் சேர்த்து முகத்தில் அடித்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூளைக் கரைத்தேன். பொட்டலத்தில் போட்டிருந்ததை மறக்கவில்லை: எண்ணெய் அடித்த செடிக்குப் பதினைந்து இருபது நாளைக்குக் கந்தகம் காட்டக்கூடாது. அதனால் கேட்டேன்.

"வேப்பெண்ணெய் அடிச்சிருக்கீங்களா?"

"இல்ல தம்பி."

"நெசமாத்தானே?"

"வேப்பெண்ணெய்க்கு நான் எங்க போவேன்?"

அடித்தேன். இலைக்கடியில் படும்படி ஒவ்வொரு செடியாகக் குனிந்து அடித்தேன். அக்கா கூடவே வந்து பார்த்தார். "இப்படித் தண்ணி மாதிரி ஊத்தக்கூடாதுக்கா, பனி மாதிரி படணும்" என்று பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி விளக்கமெல்லாம் சொன்னேன். டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

நாலாவது நாள் காலை கோட்டுச்சேரியில் வண்டி நின்றது. அக்கா கூடை இல்லாமல் ஏறினார். நான் சீட்டு கிழிக்கக் குனிந்தபோது, என் தோல்பைக்குள் ஒரு கைப்பிடி இலையைப் போட்டார். இலை எல்லாம் ஓரம் கருகி, நடுவில் பழுப்புத் திட்டு. நசுக்கினால் நொறுங்கியது. இரண்டு மூன்று பூக்களும் அதிலேயே கிடந்தன.

"அறுவதும் இப்படித்தான் தம்பி. பூவு பூராவும் கொட்டிருச்சு."

வண்டியில் ஒருவர் இலையை வாங்கிப் பார்த்து, "உப்புக் காத்து அடிச்சிருக்கு" என்றார். பின்சீட்டு அம்மாள், "யாரோ கண்ணு வச்சிருக்காங்க, சுத்திப் போடுங்க" என்றார். அக்கா என்னைப் பார்த்து மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க அடிச்சதுக்கு அப்புறந்தான்."

திட்டியிருந்தால் தேவலை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன, விசில் அடிக்க மாட்டியா?" என்று கேட்ட பிறகுதான் விசில் ஞாபகம் வந்தது. மகளின் ஒரு வார்த்தையை நம்பி சித்திரை வரைக்கும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிற ஓர் ஆளின் செடியை நான் கொளுத்திவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேருக்கு மாற்றி மாற்றிச் சீட்டு கொடுத்தேன்.

மறுநாள் உரக்கடையில் போய் நின்றேன். கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"மத்தியானத்துல அடிச்சீங்களா?"

"சாயங்காலம்."

"அளவு கூடிப்போச்சா?"

"ரெண்டு கிராம்தான். தராசுல போட்டேன்."

"எண்ணெய் ஏதாவது அடிச்சிருந்தாங்களா?"

"வேப்பெண்ணெய் இல்லைன்னு சொன்னாங்க."

அவர் இலையைக் கீழே வைத்தார். "வேப்பெண்ணெய் மட்டுந்தான் எண்ணெயாங்க?"

அங்கிருந்து நேராகக் கோட்டுச்சேரிமேடு. அக்கா கொல்லையில் ஒரு செடியின் அடியில் உட்கார்ந்திருந்தார். வேலிக்கம்பியில் பழைய குளிர்பானப் பாட்டில் ஒன்று கட்டித் தொங்கியது. நான் மருந்து அடித்த அன்றும் அது அங்கேதான் தொங்கியிருக்கும். அடியில் கெட்டியாகச் செம்பழுப்பில் ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

"என்னக்கா இது?"

"மத்தி எண்ணெய். மரப் படகுக்குத் தடவ எங்கண்ணன் வீட்டுல முன்னாடி காய்ச்சுவாங்க. இப்ப எல்லாம் பைபர் படகு, யாரும் தடவறதில்ல. வெள்ளை வெள்ளையா ஈ ஒட்டுச்சு, சோப்புத் தண்ணியில இதைக் கலக்கித் தெளிச்சேன். ஈ போயிருச்சு."

"எப்பத் தெளிச்சீங்க?"

"நீங்க வர்றதுக்கு நாலஞ்சு நாளைக்கு முன்ன."

"அன்னைக்கு எண்ணெய் அடிச்சீங்களான்னு கேட்டேனே."

"வேப்பெண்ணெய்னுல்ல கேட்டீங்க." பாட்டிலை வாங்கி மூடிக்கொண்டே, "இதைச் செடிக்கு அடிக்கிற எண்ணெய்னு யாரு நெனச்சா தம்பி. இங்க தலைக்கு, பலகைக்கு, மாட்டுப் புண்ணுக்கு, எல்லாத்துக்கும் தடவுறதுதான்" என்றார்.

நானாவது மோந்து கண்டுபிடித்திருக்க வேண்டும். இலைக்கடியில் மூக்கை நுழைத்துத்தான் மருந்து அடித்தேன். மீன் வாடை வந்திருக்கும். ஆனால் அந்த மேட்டில் மீன் வாடை இல்லாத ஓர் இடம் இருந்தால்தானே சந்தேகம் வரும். அக்காவின் கூடையில் அந்த வாடை, புடவையில் அந்த வாடை, அவர் கொடுத்த டீ டம்ளரில்கூட அந்த வாடை. செடியிலும் அடித்தால் என்ன என்று மூக்கு விட்டுவிட்டது. எண்ணெய் படிந்த இலையில் கந்தகம் இறங்கினால் இலையைச் சுட்டுவிடும். அதுதான் நடந்திருக்கிறது. விளக்கிச் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டார். "அப்ப நீங்களும் நானும் சேர்ந்துதான் கொளுத்தியிருக்கோம்" என்றார்.

குடத்தோடு வேலிப்பக்கம் வந்த பக்கத்து வீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க கண்டக்டரே, டிக்கெட்டுக் கிழிக்கிற கை, அக்கா மிளகாயையும் கிழிச்சிருச்சாம்ல?"

"கிழிச்சிருச்சுதாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"ஒப்புக்கிட்டாரு பாரு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் குடத்தை இறக்கிவைத்தார். பிறகு, கேட்காமலே, அந்தத் தண்ணீரை இரண்டு செடிக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

தண்டைக் கீறிப் பார்த்தோம். பெரும்பாலான செடிகளில் உள்ளே பச்சை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கருகிய நுனியை மட்டும் கிள்ளினோம். காலையில் தண்ணீர், மத்தியான வெயிலுக்கு மறைப்பு, வேறு எதையும் செடிக்குக் காட்டுவதில்லை என்று முடிவு. நாலு கம்பு நட்டு, அக்காவின் கூடப்பிறந்த தம்பி கொடுத்த கிழிந்த வலையை மேலே இழுத்துக் கட்டி, அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பினோம். ஒவ்வொரு ஓய்வு நாளும் போனேன். ஒன்பது செடி போய்விட்டது. பாக்கி ஐம்பத்தொன்று குச்சியாக நின்றன.

ஒருநாள் நான் இருக்கும்போதே மகளின் போன் வந்தது. அக்காவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசவே வராது, எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"அம்மா, என்ன சொல்லுது உன் செடி?"

"இன்னும் வாயத் தொறக்கல."

"அது தொறக்காது. நான் இங்க பாயி, தலையணை எல்லாம் வாங்கி வச்சிட்டேன்."

"வச்சிரு. வந்து போறப்பப் படுத்துக்கறேன்."

"வந்து போறதுக்கு இல்லம்மா. நெரந்தரமா இருக்கறதுக்கு. நீ வழியில விழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா?"

அக்கா போனை அணைத்தார். மகள்மேல் எனக்கு அதுவரை ஒரு கோபம் இருந்தது. அந்தக் கடைசிக் கேள்வியோடு அது போய்விட்டது. அந்தப் பெண்ணும் பயந்துதான் கிடக்கிறது.

பங்குனி பாதியில் குச்சிகளின் கணுவில் பச்சை தெரிந்தது. அரிசி அளவுதான். பத்து நாளில் தளிராக விரிந்தது. அக்கா மறுபடி எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்தார். வண்டியில் உப்புக் காத்து சொன்னவர்கூட, "இன்னைக்கு எத்தனைம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் ஒருநாள், மேல்வரிசைத் தளிர்கள் மறுபடி கீழ்நோக்கி மடங்கின. பேன் போகவில்லை. காத்திருந்திருக்கிறது.

"மறுபடி அடிச்சிருவோம் தம்பி" என்றார் அக்கா.

"நான் தொடமாட்டேன்க்கா. இன்னொரு தடவை கருகினா சித்திரைக்குக் குச்சிகூட மிஞ்சாது."

"அடிக்கலன்னா?"

"அடிக்கலன்னாலும் பூ நிக்காது."

"அப்பறம் என்ன. என் தம்பி படகு ரெண்டு தடவை கவுந்திருக்கு. மூணாந் தடவையும் அதே படகுலதான் போனான். நேத்துகூட பாறை மீனு கொண்டாந்தான், வேணும்னா குடுக்கறேன், கொண்டுபோயி கொழம்பு வைங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நீங்க அடிக்க வேணாம். நான் அடிக்கறேன். என்ன செய்யணுமோ சொல்லுங்க."

மத்தி எண்ணெய் தெளித்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. புது இலையில் எண்ணெயே பட்டதில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வேண்டாம் என்றேன். ஓரத்தில் இருந்த நாலு செடிக்கு மட்டும், பாதி அளவில், சூரியன் கடலுக்கு மேலே எழும்புவதற்குள். அக்கா முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, முட்டி மடங்காததால் ஒரு சின்ன முக்காலியைச் செடிக்குச் செடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து அடித்தார். என்னைவிட நிதானமான கை. மீனில் செதில் எடுத்த கை அல்லவா, ஓர் இலையைக்கூட முறிக்கவில்லை.

ஐந்து நாள் காத்திருந்தோம். நான் வேலைக்குப் போன நாள்களில் அக்கா வண்டியில் ஏறியதும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஐந்தாம் நாள் அவர் இலை எதையும் நீட்டவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார், மடங்காமல் நேராக. இலை அப்படி விரிந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலமே மிச்சத்தை அடித்து முடித்திருக்கிறார், எனக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் மகள் வந்தது. கையில் ஒரு பெரிய பை. வெறும் பை. நான் ஓய்வு நாளில் போனபோது, கீற்றுப் பந்தலுக்கடியில் அம்மாவும் மகளும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பூவுதாம்மா இருக்கு. காய் எங்க? நான் காய்ச்சிருந்தா இருன்னுதான் சொன்னேன்."

"குனிஞ்சு பாரு. நின்னுக்கிட்டே பாத்தா உன் செருப்புதான் தெரியும்."

மகள் குனிந்தது. இலைகளை ஒதுக்கிக்கொண்டே ஒரு வரிசை முழுக்கப் போனது. வரிசைக் கடைசியில் நிமிரும்போது கையில் மூன்று மிளகாய், சுண்டுவிரல் நீளம்.

"பறிக்காத. இன்னும் ரெண்டு நாள் கெடக்கணும்" என்று அக்கா அதட்டினார்.

"பறிச்சாச்சு."

"அவசரம். அப்படியே உங்கப்பா."

மகள் என்னைப் பார்த்தது. "இவருதான் கொளுத்துனவராம்மா?" என்றது. நான் தலையைச் சொறிந்தேன். "வாங்க மாமா, உக்காருங்க" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டது.

இரண்டு நாள் இருக்க வந்த பெண் ஆறு நாள் இருந்தது. தினமும் தண்ணீர் அதுதான் ஊற்றியதாம். அம்மா குனியாமல் அடிக்கிற மாதிரி நீளக்குழாய் வைத்த தெளிப்பான் ஒன்றைக் காரைக்கால் கடைத்தெருவில் தேடி வாங்கிக் கொடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாளின் போன் எண்ணையும் என் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டது.

ஏழாம் நாள் காலை கோட்டுச்சேரியில் இருவரும் ஏறினார்கள். மகளிடம் அந்தப் பெரிய பை, இப்போது கருவாடும் மிளகாயுமாகக் கொஞ்சம் உப்பியிருந்தது. அக்காவிடம் ஒரு சின்னக் கூடை, மேலே ஈரத்துணி. மகள்தான் காசை நீட்டியது.

"எனக்கு மாயவரம் மாமா. அம்மாவுக்கு வரிச்சிக்குடி."

இரண்டு சீட்டையும் கிழித்துக் கொடுத்தேன். வரிச்சிக்குடி வந்ததும் அக்கா எழுந்தார். மகளின் தலையில் கையை வைத்து, "கொழம்புல போட்டுப் பாரு. உறைப்பு பத்தலைன்னா சொல்லு" என்றார். முதலில் ஒரு கால், பிறகு ஒரு கால் என்று இறங்கினார். கூடையை நான் எடுத்துக் கொடுத்தேன். எடையே இல்லை.

நிறுத்தத்துக்கு எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வாடிக்கைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு என்ன மீனு?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"மீனு இல்ல. மிளகா. வந்து பாருங்க."

மகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பெண் கோலப்பொடிக் கையோடு எழுந்து வந்து கூடையின் துணியை விலக்குகிற வரைக்கும் நான் விசில் கொடுக்கவில்லை.